கடத்தலா, வியாபாரமா? கல்முனைக் கரையோரமும் பெண் விற்பனை பற்றிய பொதுசன விழிப்புணர்வும்

பெண் விற்பனை பற்றிப் பொதுமக்களிடையே பேச முற்படும் எவரும் முதலில் எதிர்கொள்ள வேண்டியிருப்பது ஒரு சொற்பிரச்சினையாகும். இக்கொடுமையைக் குறிக்க ‘ஆட்கடத்தல்’ என்ற சொல்லும் ‘மனித வியாபாரம்’ என்ற தொடரும் நம்மிடையே வழங்குகின்றன. இரண்டும் ஒருபொருளன என்று பொதுவாகக் கொள்ளப்படுகின்றது. ஆனால் அவை கேட்போர் மனத்தில் எழுப்பும் காட்சிகள் முற்றிலும் வேறானவை. கடத்தல் என்றதும் கிழக்கிலங்கை மக்கள் மனத்தில் தோன்றுவது வெள்ளை வான், கட்டப்பட்ட கண்கள், வீடு திரும்பாத பிள்ளை ஆகியனவே. 2009 வரை நீண்ட போர் அச்சொல்லுக்கு ஏற்றிய பொருள் அது. கல்முனையிலோ சாய்ந்தமருதிலோ நிந்தவூரிலோ அக்கரைப்பற்றிலோ ஒரு பெண் விற்கப்படும்போது இவற்றுள் எதுவும் நிகழ்வதில்லை. அவள் கடவுச்சீட்டுடன், உம்மா வாப்பாவுக்கு ஸலாம் சொல்லி, அயலவர் வாசலில் நின்று பார்த்திருக்க, பட்டப்பகலில் பஸ் ஏறுகிறாள். இதைக் கடத்தல் என்று எவர் கருதுவர்? ஆகவே ‘ஆட்கடத்தல் குறித்து விழிப்பாயிருங்கள்’ என்னும் சுவரொட்டி தனக்கு உரியதன்று என எண்ணி அப்பெண்ணும் அவள் குடும்பத்தாரும் அதைக் கடந்து செல்கின்றனர்.

‘வியாபாரம்’ என்ற சொல்லோ இக்கரையோரத்தில் மதிப்புக்குரிய சொல். வணிகத்தால் வளர்ந்த ஊர்கள் இவை. மருதமுனையின் கைத்தறிப் புடைவையும் கல்முனைச் சந்தையின் மொத்தக் கடைகளும் அச்சொல்லோடு நேர்மை, உழைப்பு, பரக்கத் என்பவற்றை இணைத்துள்ளன. அச்சொல்லை மனிதரோடு சேர்த்துச் சொல்லும்போது ஏற்படும் அதிர்ச்சியே அதன் வலிமை. கடத்துபவனுக்கு ஒரு வாகனம் போதும். வியாபாரத்துக்கோ விற்பவன், வாங்குபவன், தரகன், விலை, இலாபம் எல்லாம் வேண்டும். இவ்வாறு ஒரு சமூக உறவைச் சொல்லே சுட்டிவிடுகின்றது. இக்கட்டுரையில் இரண்டாவது தொடரையே கையாள விரும்புகின்றேன்.

சட்டமும் உண்மையில் இதையே கூறுகின்றது. ஐக்கிய நாடுகள் சபை 2000ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்டதும் இலங்கை 2015இல் உறுதிப்படுத்தியதுமான பலேர்மோ உடன்பாட்டின்படி, ஆளைச் சேர்த்தல் அல்லது இடம் மாற்றுதல், அதற்கு வற்புறுத்தல், ஏமாற்று, பலவீனமான நிலையைப் பயன்படுத்தல் போன்ற வழியைக் கையாளுதல், சுரண்டலை நோக்கமாகக் கொள்ளுதல் ஆகிய மூன்றும் சேர்வதே குற்றமாகும். இவ்வழிகள் கையாளப்பட்ட இடத்துப் பாதிக்கப்பட்டவர் சம்மதித்தார் என்பது விடையாகாது. பதினெட்டு வயதுக்குட்பட்டவராயின் வழியைப் பற்றிய கேள்வியே எழாது. நமது தண்டனைச் சட்டக்கோவையில் 1995இல் சேர்க்கப்பட்டு 2006இல் திருத்தப்பட்ட 360சி பிரிவு இரண்டு முதல் இருபது ஆண்டு வரையான சிறைத்தண்டனையை விதிக்கின்றது. இருந்தும் வழக்குகள் பெரும்பாலும் விபசாரத்துக்கு ஆள் கூட்டிக்கொடுத்தல் பற்றிய, தண்டனை குறைந்த 360ஏ பிரிவின் கீழேயே தாக்கல் செய்யப்பட்டு வந்துள்ளன. பெண்ணோ இன்னும் 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டத்தின் கீழ்க் கைதாகக்கூடியவளாகவே இருக்கிறாள். தொழிலற்றோரைக் கட்டுப்படுத்தக் குடியேற்ற அரசு இயற்றிய சட்டம் அது. விற்றவனுக்கு இருபதாம் நூற்றாண்டின் இறுதிச் சட்டம் ஏட்டிலுண்டு. விற்கப்பட்டவளுக்கு விக்டோரியா காலச் சட்டம் நடைமுறையிலுண்டு.

இலக்கிய மாணவன் என்ற முறையில் இங்கு ஒரு சிறு விலகல். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் மாதவி கோவலனை அடைவது எவ்வாறு? சோழன் பரிசளித்த, ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் பெறுமதியான மாலையை ஒரு கூனி நகரத்துச் செல்வர் உலாவும் வீதியில் ஏந்தி நிற்கிறாள். மாலையை வாங்குபவனுக்கு மாதவி உரியவளாவாள். விலை, சந்தை, தரகு, கொள்வோன் யாவும் காப்பியத்தில் ஒளிவின்றி இடம்பெற்றுள்ளன. ஆனால் பிற்கால மேடையும் திரையும் வகுப்பறையும் நமக்குத் தந்தவை காதலும் கலையும் கற்புமேயாகும். கூனி காணாமற் போனாள். மாதவி குற்றவாளியாகவோ குலமகளுக்கு நிகரானவளாகவோ விவாதிக்கப்பட்டாள். மாலைக்கான விலையை எவரும் விவாதிக்கவில்லை. நம் காலத்து விழிப்புணர்வு முயற்சிகளிலும் இதே மறதி தொழிற்படுகின்றது என்பதே என் கருத்து.

அம்பாறைக் கரையோரத்தின் சமூக அமைப்பை நோக்காது இவ்வியாபாரத்தின் ஊற்றுக்கண்ணை விளங்கிக்கொள்ள இயலாது. தாய்வழிக் குடிமுறை தமிழரிடையும் முஸ்லிம்களிடையும் நிலைபெற்ற பிரதேசம் இது. குடி தாய்வழி வருவது. மணமகன் மனைவியின் வீட்டுக்கு வாழச் செல்பவன். வீடு மகளுக்குச் சீதனமாக எழுதப்படுவது. அக்கரைப்பற்றை மையமாகக் கொண்டு நெடுங்காலம் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்றே இதனை விரிவாகப் பதிவுசெய்துள்ளார். பெண் வீட்டுக்கு உரித்தாளி என்பது அவளுக்கு ஓரளவு காப்பளித்த ஏற்பாடென்பதில் ஐயமில்லை. ஆனால் எந்தச் சமூக வழக்கமும் தன் பொருளாதார அடித்தளத்தினின்றும் பிரிந்து நிற்பதன்று. போடியாரும் முல்லைக்காரனும் என நிலவுறவு அமைந்திருந்த காலத்தில், ஓலை வேய்ந்த வீடொன்றை மகளுக்குக் கட்டிக்கொடுத்தல் ஏழை உழவனுக்கும் இயலுவதாயிருந்தது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டமும் அதைத் தொடர்ந்த குடியேற்றங்களும் நிலப் பங்கீட்டை மாற்றின. போர்க்காலத்தில் வயல்களுக்குச் செல்ல இயலாது போயிற்று. கல்வீடும் அதன்மேல் ரொக்கமும் திருமணச் சந்தையின் விலையாயின. வீடில்லாத குமர், மணமாகாத குமர். இரண்டு மூன்று பெண்மக்களைப் பெற்றவன் கரைவலையிலும் கூலி வயலிலும் எத்தனை கல்வீடு எழுப்ப முடியும்?

இந்தக் கேள்விக்கு 1970களின் எண்ணெய்ப் பணமும் 1977இன் திறந்த பொருளாதாரமும் ஒரு விடையைக் கொண்டுவந்தன. மத்திய கிழக்குக்குப் பணிப்பெண் ஏற்றுமதி தொடங்கிற்று. 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் சட்டமூலம் அமைக்கப்பட்டது. 1990களின் நடுப்பகுதியில் தொழிலுக்காக நாட்டைவிட்டுச் சென்றோரில் ஏறத்தாழ நால்வரில் மூவர் பெண்களாயிருந்தனர். மகளுக்கு வீடு கட்டத் தாய் போனாள். தனக்கே வீடு கட்டக் குமரும் போனாள். வீட்டுக்கு உரித்தாளியாயிருந்தவள் பிறர் வீட்டுக் ‘கத்தாமா’ ஆனாள்.

2004 டிசெம்பர் 26ஆம் திகதி கடல் எழுந்தபோது நாட்டிலேயே மிகப்பெரிய உயிரிழப்பைச் சந்தித்தது அம்பாறை மாவட்டம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கரையோரத்தில் நெருங்கி நின்ற சீதன வீடுகள் அழிந்தன. மீள்கட்டமைப்பில் ‘குடும்பத் தலைவர்’ என்ற அரசாங்கப் படிவக் கருத்து நுழைந்தமையால், தலைமுறைகளாகப் பெண்ணின் பெயரில் இருந்த வீட்டுக்குப் பதிலாகக் கிடைத்த வீடு பல இடங்களில் ஆணின் பெயருக்கு மாறிற்று. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி உதவியுடன் எழுந்த ஐந்நூறு வீடுகள் இன முரண்பாட்டாலும் வழக்காலும் பத்தாண்டுக்கும் மேலாகப் பகிர்ந்தளிக்கப்படாமற் கிடந்தன. சவூதிப் பணத்தில் எழுந்த வீடுகள் பற்றை மூடிக் கிடக்க, வீடு கட்டும் பணம் தேடிப் பெண்கள் சவூதிக்குப் பயணமாயினர். இதைவிடத் துலாம்பரமான உதாரணம் வேண்டியதில்லை.

இனி, வியாபாரம் நடைபெறும் விதம். வெளிநாட்டு வேலைக்குச் செல்லும் ஆண் முகவருக்குக் காசு கட்டுகிறான். பணிப்பெண்ணாகச் செல்பவளுக்கோ, அண்மைத் தசாப்தங்களில், காசு தரப்படுகின்றது. வளைகுடா நாட்டு எசமானன் தன் நாட்டு முகவர் நிலையத்துக்குச் செலுத்தும் தொகையில் ஒரு பகுதி கொழும்புக்கு வருகின்றது. அதில் ஒரு கூறு ஊரிலுள்ள உப முகவருக்கு. அவர் கை கடந்து எஞ்சியதில் ஒரு கூறு பெண்ணின் குடும்பத்துக்கு. குடும்பம் இதனை முற்பணமென்றும் சிலவேளை அன்பளிப்பென்றும் கொள்கின்றது. கடன் அடைபடுகின்றது, அத்திவாரம் வெட்டப்படுகின்றது. இதன்பின் பெண் மனம் மாறினால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும், பணமோ சீமெந்தாகிவிட்டது. இரும்புச் சங்கிலி எதுவும் தேவைப்படாத பிணைப்பு இது. ஊர்வழக்கில் ‘சப் ஏஜென்ட்’ எனப்படும் உப முகவர் அந்நியருமல்லர். பெரும்பாலும் உறவினர், அயலவர், சிலவேளை தானே கத்தாமாவாகச் சென்று திரும்பிய பெண்.

விமானம் இறங்கியபின் கபீல் எனப்படும் பொறுப்பாளியின் பெயரிலேயே அவளது இகாமா. கடவுச்சீட்டு அவன் பெட்டியில். சம்பளமின்மை, அடி, வீட்டு ஆண்களின் பாலியல் வன்முறை ஆகியவற்றைத் தாங்காது வெளியே ஓடும் கணத்திலேயே அவள் அந்நாட்டுச் சட்டத்தின்முன் ‘தப்பியோடிய’ குற்றவாளியாகிறாள். அடைக்கலம் தருவதாக வரும் வாடகைக் காரும், தன் நாட்டு மொழி பேசும் இடைத்தரகரும், வேறொரு வேலை உண்டென்ற உறுதியும் அவளை அடைத்த அறைக்கு இட்டுச்செல்கின்றன. வீட்டு வேலைக்கும் விபசாரத்துக்கும் இடையிலுள்ள தூரம் பலரும் எண்ணுவது போல ஒழுக்கத்தின் தூரமன்று. அது சட்டபூர்வமான ஆவணம் ஒன்றை இழப்பதன் தூரம். சென்ற பெண்களிற் பெரும்பான்மையினர் உழைத்துச் சேமித்து வீடு திரும்பியவர்கள் என்பதையும் இங்கு அழுத்திக் கூறுதல் வேண்டும். அவர்களைச் சந்தேகத்துக்குரியவர்களாக்கும் எந்த எழுத்தும் வியாபாரிக்கே துணைபோகும்.

மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக்கின் பெயர் இக்கரையில் அறியாதார் இல்லை. அவருடையது பாலியல் வியாபார வழக்கன்று; ஆயினும் அவ்வியாபாரத்தின் முதற்படியை அது தெளிவாகக் காட்டிற்று. பிறப்புப் பதிவின்படி 1988இற் பிறந்தவர், கடவுச்சீட்டிலோ 1982. பதினேழு வயதில், 2005 மே மாதம், சவூதி சென்றார். சென்ற சில வாரங்களுள் அவர் பராமரிப்பிலிருந்த குழந்தை இறந்தது. 2007இல் மரண தண்டனை தீர்க்கப்பட்டு 2013 ஜனவரி 9ஆம் திகதி நிறைவேற்றப்பட்டது. நாடே அழுதது. ஆனால் அந்த ஆறு ஆண்டு வித்தியாசத்தைப் படிவத்தில் எழுதிய கை எத்தகைய வலைப்பின்னலைச் சேர்ந்தது, அவ்வலை ஒவ்வோர் ஊரிலும் எங்ஙனம் இயங்குகின்றது என்ற கேள்வி கண்ணீரில் மங்கிற்று. அரசின் எதிர்வினை பெண்ணை நோக்கியே திரும்பிற்று. அதே ஆண்டில் சவூதி செல்லும் பணிப்பெண்ணின் குறைந்த வயது 25 ஆக்கப்பட்டது. குடும்பப் பின்னணி அறிக்கை கட்டாயமாயிற்று. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய்க்குத் தடை வந்தது. தடையின் விளைவு யாவரும் அறிந்ததே. பதிவு செய்து போக இயலாதவள் சுற்றுலா விசாவிற் போனாள். 2022இன் பொருளாதார வீழ்ச்சி இவ்வழியைப் பெருவீதியாக்கியது. அவ்வாண்டு நவம்பரில், ஓமானில் இலங்கைப் பெண்கள் விலை கூறி விற்கப்பட்டமை வெளியாயிற்று; அங்குள்ள நமது தூதரகத்தில் கடமையாற்றிய உத்தியோகத்தர் ஒருவரும் அது தொடர்பிற் கைதானார்.

இத்தகைய கொடுமைகளைப் பொதுமக்களிடம் கொண்டுசென்ற முன்னைய முயற்சிகள் சில நமக்குப் பாடமாகின்றன. 1885இல் லண்டனில் டபிள்யூ. ரி. ஸ்ரெட் என்ற பத்திரிகாசிரியர் பதின்மூன்று வயதுச் சிறுமியொருத்தியை ஐந்து பவுணுக்குத் தானே விலைக்கு வாங்கிக் காட்டி நாட்டைக் கொதிக்க வைத்தார். சம்மத வயது 16 ஆயிற்று. ஆனால் கொதிப்பின் பயனைப் பெரிதும் பெற்றது பொலிஸ். விடுதிகள் மூடப்பட, பெண்கள் தெருவுக்கு விரட்டப்பட்டனர். அதிர்ச்சியால் மட்டும் எழும் விழிப்பு எங்கே போய் முடியும் என்பதற்கு இது போதும்.

பீஜித் தீவு இயக்கம் வேறு வகையினது. ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற ஆண்கள் நூற்றுவருக்குப் பெண்கள் நாற்பதின்மர் என்ற விகிதத்திலேயே கப்பலேற்றப்பட்டனர். அதன் விளைவு பெண்ணுடலின் மீதான சந்தையாயிருந்தது. 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல்கள் சென்றன. அங்கே இருபத்தோராண்டுகள் வாழ்ந்து திரும்பிய தோதாராம் சனாத்யர் 1914இல் இந்தியில் வெளியிட்ட நூலும், அடுத்து வந்த சி. எவ். அன்ட்ரூஸின் அறிக்கையும், தமிழில் பாரதியின் ‘கரும்புத் தோட்டத்திலே’ பாடலும் அவ்வுணர்வைப் பரப்பின. 1917இல் ஆளனுப்புதல் நின்றது. 1920இல் எஞ்சிய ஒப்பந்தங்களும் இரத்தாயின. அவ்வியக்கம் பெண்ணுக்கு எச்சரிக்கை கூறுவதோடு நில்லாது, ஆள்பிடிக்கும் தரகனையும் ஒப்பந்தமுறையையும் பெயர் சொல்லித் தாக்கியது. அதனாலேயே வென்றது. தேசத்தின் மானம் பெண்ணின் கற்பில் உள்ளதென்ற கருத்தையும் அது கூடவே வளர்த்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

மூன்றாவது உதாரணம் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். தேவதாசி மரபினுள் வளர்ந்து, அதனை உடைத்து வெளியேறி, அதற்கெதிராக மாநாடுகளைக் கூட்டியவர். 1936இல் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்னும் நாவலை வெளியிட்டார். நாவற்கலை நோக்கிற் குறைகள் பல உண்டு; தலைப்பே வலையைத் தாசியின் கையில் வைத்துவிடுகின்றது. எனினும் பேரம் பேசப்படும் முறை, தரகர், மைனர்கள், கோயிலும் செல்வமும் ஒன்றையொன்று தாங்கும் விதம் ஆகியவற்றை உள்ளிருந்து அறிந்தவரின் கணக்கு அதிலுண்டு. உபதேசிகளின் நூறு பிரசங்கங்களில் அது இல்லை.

நமது கரையில் இத்தகைய உள்ளிருந்தெழும் குரல் ஏன் எழவில்லை? ‘மானம்’ என்பது உடனடியாகக் கிடைக்கும் விடை. திரும்பி வந்தவள் வாய் திறந்தால் அவளுக்கு மட்டுமன்றி அவளது தங்கையருக்கும் மாப்பிள்ளை கிடையாது. குத்பாக்களில் இதுபற்றிப் பேசப்படும்போதும் மஹ்ரம் துணையின்றிப் பெண் பயணஞ்செய்தலாகாது என்பதே பெரும்பாலும் கேட்கின்றது. ஆனால் அல்குர்ஆனின் அந்நூர் அத்தியாயத்து 33ஆம் வசனம், உலக ஆதாயத்துக்காக அடிமைப் பெண்களை விபசாரத்தில் நிர்ப்பந்திக்க வேண்டாமென உடைமையாளனுக்கே கட்டளையிடுகின்றது. நிர்ப்பந்திக்கப்பட்டவளுக்கு மன்னிப்பையும் கருணையையும் வாக்களிக்கின்றது. மதநம்பிக்கை பற்றிய என் நிலைப்பாடு எதுவாயினும், ஆதாயம் பெறுவோனை முன்னிலைப்படுத்திப் பேசும் அவ்வசனம் மிம்பரிலிருந்து உப முகவரை நோக்கி ஓதப்பட்டால் அதன் பயன் பெரிது என்பதை மறுக்க மாட்டேன். இடதுசாரிகளாகிய நாமும் இதிற் குற்றமற்றவர்களல்லர். ஏங்கெல்ஸ் 1884இலேயே குடும்பத்தையும் விபசாரத்தையும் தனிச்சொத்தின் இரு முகங்களாகக் காட்டியிருந்தும், நமது தொழிற்சங்கங்கள் பணிப்பெண்ணைத் தொழிலாளியாகக் காணவே நெடுங்காலம் தயங்கின. ஒழுக்கப் பிரச்சினை என அதை ஒதுக்கி உலமாக்களிடம் விட்டோம். அவர்கள் அதைச் சரியாகவே ஒழுக்கப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டனர்.

சில ஆண்டுகளுக்கு முன் கரையோர ஊரொன்றின் நூலக மண்டபத்தில் இது குறித்துப் பேச அழைக்கப்பட்டேன். போலி முகவரை நம்பாதீர்கள், தொலைபேசி இலக்கங்களை மனனஞ் செய்யுங்கள் என வழமையான அறிவுரைகளைக் கூறி முடித்தபோது, பின்வரிசையிலிருந்த மூதாட்டி ஒருவர் எழுந்து, “காச வாங்கின நாங்கதானே மனே, பொறகு ஆரக் கொறை சொல்ற?” என்றார். எனக்கு விடை சொல்ல வாய்க்கவில்லை. சுவரொட்டிகள் அனைத்தும் அவரை நோக்கியே அக்குற்றத்தைச் சுமத்தியிருந்தன என்பதும், நானும் அதையே ஒரு மணி நேரம் செய்திருந்தேன் என்பதும் அப்போதுதான் புலப்பட்டன.

அடுத்த முறை சென்றபோது உரை நிகழ்த்தவில்லை. கரும்பலகையில் ஐந்து கட்டங்கள் வரைந்து, குடும்பம், உப முகவர், கொழும்பு முகவர், அங்குள்ள முகவர், வாங்கிய எசமானன் என எழுதினேன். ஒவ்வொருவர் கையிலும் நின்ற தொகையை அறிந்தவர்கள் சொல்லலாம் என்றேன். முதற் கட்டம் உடனே நிரம்பிற்று. ஒரே தெருவில், ஒரே மாதத்தில், ஒரே உப முகவர் வெவ்வேறு வீடுகளுக்கு வெவ்வேறு தொகை கொடுத்திருந்தமை அங்கேயே வெளிப்பட்டுச் சலசலப்பெழுந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் ஊகத்தாலும் சண்டையாலும் ஒருவாறு நிரம்பின. அஸர் பாங்கு சொல்லியும் பலர் எழவில்லை. கடைசிக் கட்டம் வெறுமையாயிருந்தது. கூட்டம் கலையும் தறுவாயில் முக்காட்டை இழுத்து மூடிய ஒரு பெண் பலகையருகே வந்து, தன்னை முதல் வீட்டிலும் இரண்டாம் இடத்திலும் எடுக்கக் கொடுக்கப்பட்ட ரியால்களைத் தாழ்ந்த குரலிற் சொன்னார். இரண்டாம் இடம் எதுவென நான் கேட்கவில்லை. எழுதியபின் நான் திரும்பியபோது, தொகை அங்கேயே நிற்கட்டும், தன் பெயரை மட்டும் எங்கும் எழுத வேண்டாம் என்றார்.